முப்பத்தேழாம் பக்கம்

பசை ஆறுவதற்குள் முந்நூறு புத்தகத்திலிருந்தும் ஒரு தாளை அறுத்தெடுத்துவிட வேண்டும், அதுவும் அவள் எழுதின தாளை, அவள் கையாலேயே. உத்தரவு போட்டுவிட்டுப் பரமானந்தம் சார் போய்க் கால்மணி நேரம் ஆகிறது. சந்தனமாரி பிளேடை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள், அவ்வளவுதான் இதுவரை நடந்த வேலை. பல்கலைக்கழக அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற பைண்டிங் கொட்டகை அது. தகரக் கூரை மத்தியான வெயிலுக்கு டொப்பு டொப்பென்று நெளிந்துகொண்டிருந்தது. தைத்து முடித்து இன்னும் அட்டை ஒட்டாத புத்தகங்கள் அவளைச் சுற்றி அடுக்கடுக்காக, தோலுரித்த கோழி மாதிரி முதுகும் நூலும் தெரிய உட்கார்ந்திருந்தன. மூலையில் மைதாப் பசையைச் சட்டியோடு இறக்கி வைத்திருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினதில் லேசான பச்சை, லேசான நெடி. 'பசை ஆறட்டும் தாயி, நான் போயி ஒரு வாய் சோறு தின்னுட்டு வந்திருதேன், வந்த கையோட அட்டை ஒட்டணும், அதுக்குள்ள சார் சொன்னதை முடிச்சு வச்சிரு' என்று பைண்டிங் பார்க்கிற அய்யாத்துரை அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பாள். என்ன கேட்டிருப்பாள்? ஒன்றுமில்லை. சட்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஆவி நிற்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது. ஆவி நின்றால் ஏடு படியும், ஏடு படிந்தால் விரல் வைத்துப் பார்க்கலாம், விரல் சுடாவிட்டால் ஆச்சு. வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. துறையில் எல்லோரும் எழுதி மாணவர்களே பதிப்பித்துத் தைக்கிற தொகுப்பு அது, பதிப்புப் பாடத்து மார்க்கும் அதற்குத்தான், மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம். அதில் அவளுடையது இரண்டே பக்கம், முப்பத்தேழும் முப்பத்தெட்டும், ஒரே தாளின் முன்னும் பின்னும். இரண்டு பக்கம் என்ன பெரிய இரண்டு பக்கம், ஊர் உலகத்தில் அவனவன் ஆயிரம் பக்கம் எழுதிவிட்டுப் பேசாமல் செத்துப் போகிறான்.

காலையில் இலக்கியம், மத்தியானம் பதிப்பு என்று அந்த எம்.ஏ. படிப்பையே பனங்கிழங்கு மாதிரி நடுவில் வகிர்ந்து வைத்திருந்தார்கள். காலையில் மாடியில், மின்விசிறிக்குக் கீழே, இங்கிலீஷ்காரன் எந்த மூடுபனியைப் பார்த்து ஏங்கினான், எந்தக் கிழட்டு ராசா எதற்காக அழுதான் என்று பாடம். மத்தியானம் கீழே இறங்கினால் அதே இங்கிலீஷைத் தூக்கிச் சுமக்க வேண்டும். மாடியில் அதுக்கு உடம்பே கிடையாது, காற்றில் நிற்கும். கீழே வந்தால் அதுக்கு எடை உண்டு, மடிப்பு உண்டு, முதுகு உண்டு, எலி கடிக்கும், மழை ஈரத்தில் ஊதும். சந்தனமாரிக்கு இங்கிலீஷ் பிடிபட்டதே கீழேதான். மாடியில் அது பரமானந்தம் சார் வாயிலிருந்து வரும், வந்த வேகத்தில் தலைக்கு மேலே போய்விடும். கீழே புரூஃப் பார்க்கும்போது அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாக, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் போனால் அது ஓடாமல் நின்றது. ஓடாத மாட்டைத்தானே கறக்க முடியும். அப்படிக் கறந்த இங்கிலீஷ்தான் அந்த இரண்டு பக்கமும். 'பதிப்பு தொழில், இலக்கியம் ஞானம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க' என்பார் சார். துறைத் தலைவர். இரண்டு வருசத்தில் ஒரு நாள் இந்தக் கொட்டகைப் படி ஏறியதில்லை, இன்றைக்குத்தான் ஏறினார், ஏறும்போது கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கையில் ஒரு புத்தகம், முப்பத்தேழாம் பக்கத்தில் விரல். 'இது யாரைப் பத்தி எழுதினது?' 'பேரு ஒண்ணும் போடலையே சார்.' 'பேரு போடலைன்னா எனக்குத் தெரியாதா?' அந்த இடத்தில்தான் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சருக்கென்று கழன்றது. அப்போ ஞாபகம் இருக்கு. அட மனுசா, உமக்கு அது ஞாபகம் இருக்கா. மறந்திருப்பாருன்னு நினைச்சுத்தானே ரெண்டு வருசமா உம்ம முகத்தைப் பார்த்து குட்மார்னிங் சொன்னேன்.

முதல் நாள் வகுப்பு அது. 'ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உங்களைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க.' ஆலங்குளத்துப் பக்கம் அரசாங்கப் பள்ளிக்கூடம், பிறகு ஒரு கல்லூரி, அங்கேயும் இங்கிலீஷைத் தமிழில்தான் நடத்தினார்கள். அவள் எழுந்தாள், பேரைச் சொன்னாள், அதற்குமேல் நாக்கு எழவில்லை, வறண்ட கிணற்றில் வாளி இடித்த மாதிரித் தொண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். 'நிக்கட்டும், வரும்போது சொல்லட்டும்' என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தவர், அவளை உட்காரச் சொல்லவே இல்லை. ஐம்பது நிமிசம். கால் மரத்தது, காது அடைத்தது, ஒன்றுக்கு முட்டியது. சன்னல் வழியாகப் பார்த்தாள், எதிர்த்தாற்போலத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒருத்தர் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அவரும் உட்காரவில்லை. பிரஷ் மேலே போகும், கீழே வரும். மணி அடிக்கிறவரைக்கும் அந்தத் தொட்டியில் பாதியை அடித்து முடித்துவிட்டார், அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லி முடிக்கவில்லை. அவ்வளவுதான் கட்டுரை. சாரைப் பற்றி அதில் ஒரு வரிதான், 'ஆசிரியர் மறந்துவிட்டார்' என்று. மறந்துவிட்டார் என்று எழுதினது எவ்வளவு மரியாதை! அவர் மறக்கவே இல்லையாமே. இந்தப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான், அதுதான் வழக்கம், தலைவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கமும் மிஷின் ஏறாது. போட்டார், படிக்காமல். தன் கட்டுரை வந்த இடத்தில் மட்டும் நின்று இரண்டு தடவை படித்தார். 'நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்' என்று கேட்டதற்கு, 'அது ஒரு ஃபார்மாலிட்டி. நீதானே மாணவப் பதிப்பாசிரியர்? நீதானே சேர்த்தே? நீயே எடு. அடியோட எடு. அறுத்த தடம் தெரியக்கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினது யார் என்று பார்க்காதே, எழுத்தை மட்டும் பார் என்று காலையில் பாடம் நடத்தின அதே வாய். சரி, அந்தக் கட்டுரைதான் என்ன அப்படி ஒசத்தி? கடைசிப் பத்தி சரியில்லை. தொட்டிக்காரர் இறங்கிப் போனார் என்று முடிகிறது, அது முடிவா? எடுத்துவிட்டால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. எடுத்துவிடலாமா? ஆவி முன்னைக்கு இப்போது கம்மி.

அடியோடு எடுக்கச் சொன்னாரே, அதிலே ஒரு சங்கதி இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. புத்தகம் என்பது ஒற்றை ஒற்றைத் தாளாக அடுக்கி வைத்தது இல்லை. ஒரு பெரிய காகிதம், அதை மடித்து மடித்துப் பதினாறு பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். அதன் நடு மடிப்பில் ஊசி போகும். ஆக ஒவ்வொரு தாளுக்கும் மறுபக்கம் ஒரு ஜோடி உண்டு, ஒரே சட்டையின் இரண்டு கை மாதிரி. இந்தக் கையை அடியோடு அறுத்தால் அந்தக் கைக்குப் பிடிமானம் இல்லை, நூல் அதைத் தாங்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். சந்தனமாரி ஒரு புத்தகத்தை மடியில் வைத்து முப்பத்தேழாம் பக்கத்தை விரலால் தொட்டு, மடிப்புக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறினாள். ஏறின இடம் நாற்பத்துமூன்று. பரமானந்தம் சாருடைய கட்டுரை ஆரம்பிக்கிற பக்கம். அவர் பேர், பட்டம், அதற்குக் கீழே தலைப்பு. அதில் பதினோரு பிழை இருந்தது, அவள்தான் திருத்தினாள், ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஆக அவள் தாளும் அவர் தாளும் ஒரே காகிதம். ஒரு தொப்புள்கொடி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுத்துவிட்டால்? சொன்னபடியே, மரியாதையாக, அடியோடு, முந்நூறையும்? வெள்ளிக்கிழமை மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு சிறப்பு விருந்தினர் புத்தகத்தை விரிக்கிறார், சாருடைய முதல் பக்கம் பூப்போல உதிர்ந்து அவர் செருப்பில் விழுகிறது, முன்வரிசையில் ஒருத்தர் விடாமல் குனிந்து குனிந்து பொறுக்குகிறார்கள், சார் மூஞ்சி பசை மாதிரி வெளுக்கிறது. சொன்னபடிதானே சார் செஞ்சேன், அடியோடதானே எடுத்தேன். நினைக்க நினைக்க இனித்தது. பிளேடின் காகித உறையைப் பிரித்தாள். புதுப் பிளேடு, எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது.

அந்த நேரம் பார்த்து ரெஜினா வந்தாள். கூடப் படிக்கிறவள், பாளையங்கோட்டைக்காரி, கான்வென்ட் இங்கிலீஷ், விடுதியில் ஒரே அறை. 'ஏட்டி மாரி, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா? சார் மூணு மணிக்கு வாறாராம்ட்டி.' 'வரட்டும்.' 'அறுக்க மனசில்லைன்னா அந்தப் பக்கம் திரும்பி உக்காரு, நான் அறுத்துத் தாரேன். கண்ணை மூடித் தொறக்குமுன்ன ஆயிரும்.' 'கோழியா அது?' 'ரெண்டு பக்கம்ட்டி, ரெண்டே ரெண்டு பக்கம். அதுக்காக ரெண்டு வருசத்த விடப்போறியாக்கும்? அவர்தான் மார்க் போடணும், தெரியும்லா?' 'தெரியும்.' ரெஜினா ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி முப்பத்தேழில் நின்றாள். 'எல்லாரும் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கல்லா. அதுல நானும் உண்டும்ட்டி. நான்தான் முதல்ல சிரிச்சேன்.' 'தெரியும்.' 'தெரிஞ்சுமா எங்கிட்டயே திருத்தக் கொடுத்த?' 'உனக்குத்தான இங்கிலீஷ் நல்லா வரும்.' 'நீ மனுசியாட்டி' என்று அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் ரெஜினா. என்னத்துக்கு அழுகிறாள்? தன்னைப் பற்றி வந்த வரியைத் தானே உட்கார்ந்து திருத்தினவள் அவள். சிரிச்சாங்க என்கிற இடத்தில் அவள் கை வைக்கவே இல்லை, அப்படியே விட்டிருந்தாள். ரெஜினாவால் முடிந்தது ஒரு துறைத் தலைவரால் முடியவில்லை.

உதிரும், நல்லாத்தான் உதிரும். ஆனால் உதிர்ந்தால் ஜனம் குனிந்து பொறுக்கப்போவது யாருடைய தாளை? சாருடைய தாளை. அடடா, சார் பக்கம் போச்சே, சார் பக்கம் போச்சே என்று அதைத்தான் தூசி தட்டிக் கையில் கொடுப்பார்கள். அங்கே முப்பத்தேழு என்று ஒன்று இருந்ததென்று எவனுக்குத் தெரியும்? பழி வாங்கினதிலேயும் அவர்தான் பெரிய ஆள். தன்னை அழித்துக்கொண்டு எதிராளிக்குச் சகுனத் தடையா? மூக்கறுத்துக்கொள்கிற கதைதான். அதுவும் போக, அறுக்கிற கை யாருடையது. இந்த இடத்தில் வந்து நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றது. அம்மா பீடி சுற்றுகிறவள். இலையும் தூளும் பரப்பின முறம், அந்தச் சொளகை மடியில் வைத்தால் இறக்க மாட்டாள், பேசிக்கொண்டே சுற்றுவாள், தூங்கிக்கொண்டேகூடச் சுற்றுவாள் என்று தோன்றும். மாரி ஏழாவது படிக்கையில் ஒரு நாள் பீடிக்கடைக்குக் கூடப் போனாள். அங்கே செக்கர் என்று ஒருத்தன், அம்மாவின் பீடிக் கட்டை எடுத்து மோந்து, உருட்டி, 'இலை முத்தல், இது பூராம் கழிவு' என்று தள்ளினான். கழிவு என்றால் அவன்தான் உடைத்துப் போடுவான், அதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். அன்றைக்கு அவனுக்கு அம்மாமேல் என்ன கோபமோ, முந்தின வாரம் அம்மா ஏதோ எதிர்த்துப் பேசியிருக்கிறாள், 'நீயே உடை, என் கண்ணு முன்னால உடை' என்றான். வரிசையில் இருபது பொம்பளைகள். அம்மா உடைத்தாள். ஒவ்வொரு பீடியாக, நூலை நகத்தால் கிள்ளி, இலையைப் பிரித்து, தூளைத் தனியாகக் கொட்டி. சுற்றும்போது எவ்வளவு வேகமோ, அதைவிட வேகம். அந்த வேகத்தைப் பார்க்க மாட்டாமல்தான் மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அம்மா வழக்கம்போலச் சுற்றினாள். ரொம்ப வருசம் கழித்து, இந்தப் படிப்புக்குப் பெட்டி கட்டின அன்றைக்கு, கேட்காமலே சொன்னாள்: 'அந்தப் பய உடைச்சிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன் பிள்ள. என் கையே உடைச்சிட்டு. சுத்தின கையே உடைச்சிட்டு. அதாம் ஆற மாட்டேங்கு.' சொல்லிவிட்டுச் சேலைகளுக்கு நடுவில் ஊறுகாய் பாட்டிலைச் சொருகினாள்.

இந்தக் கையும் அம்மாவின் அந்தக் கையும் ஒரே காகிதம்தான். மாரி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிளேடு எண்ணெய், காகித மாவு, ஊசி குத்தின தழும்பு. இந்தக் கைதானே எழுதினது, அடித்து அடித்து எழுதினது, இதுதான் அச்சுக் கோர்த்தபின் வரி வரியாகப் பார்த்தது, இதுதான் மடித்தது, இதுதான் தைத்தது. இதுவா அறுக்கும்? மார்க் போகும். போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, வயிறு வரவில்லை. மார்க் போனால் படிப்பு போகும், படிப்பு போனால் அம்மா மடியிலிருந்து சொளகை இறக்கவே முடியாது, மாரியும் ஒரு சொளகைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். பயம் இருந்தால் என்ன, அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கட்டும், சட்டியில் பசை இருக்கிற மாதிரி. அன்றைக்கு ஐம்பது நிமிசம் நிற்க வைத்தபோதும் பயம் இருந்தது, ஆனாலும் விழவில்லையே. நின்றேனே. நிற்கத் தெரியும் எனக்கு. ஆசிரியர் மறந்துவிட்டார், ஆசிரியர் மறந்துவிட்டார், அந்த ஒரு வரிதான் கட்டுரையில் பொய், மற்றதெல்லாம் நிசம். பிளேடை அதன் காகித உறைக்குள் போட்டு மடித்தாள். மடித்துப் புத்தக அடுக்கின் உச்சியில், வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். ஆவி நின்றுவிட்டது.

சார் மூணு மணிக்குச் சொன்னபடி வந்தார், கர்ச்சீப்போடு. 'முடிஞ்சுதா?'

'இல்ல சார்.'

'எத்தனை ஆச்சு?'

'ஒண்ணும் ஆகல. நான் அறுக்க மாட்டேன் சார்.'

அவர் கர்ச்சீப்பை இறக்கினார். 'ஓ. அந்த அளவுக்கு வந்தாச்சா? எங்கே, இதையே இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்.'

சந்தனமாரி எழுந்தாள். 'ஐ வில் நாட் கட்' என்றாள். நாலே வார்த்தை. தொண்டையில் ஒரு இடத்திலும் வாளி இடிக்கவில்லை.

அவர் முகம் கறுத்தது. 'என்னால முடியாதுன்னு நினைச்சியா?' என்று பிளேடை எடுத்து உறையைக் கிழித்தார். கொட்டகைக்குள் வந்த அய்யாத்துரை அண்ணாச்சி, பல்லில் குச்சியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். 'சார்,' என்றாள் மாரி, 'அடியோட எடுத்தா உங்க தாளும் வந்திரும். முப்பத்தேழுக்கு ஜோடி உங்க நாற்பத்துமூணு.'

'மிரட்டுறியா?'

'இல்ல சார். தையல் அப்படி.'

அவர் கேட்கவில்லை. புத்தகத்தை விரித்து மடிப்பின் வேரில் பிளேடை வைத்து ஒரே இழுப்பு இழுத்தார், நன்றாகத்தான் இழுத்தார், தாள் கையோடு வந்தது. வெற்றியாகப் புத்தகத்தை மூடித் தட்டினார். தட்டின தட்டில் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தாள் நழுவி, மெதுவாக, அவர் கால்மாட்டில் போய் மல்லாந்தது. பேரும் பட்டமும் மேலே பார்த்தபடி.

அவரே குனிந்து எடுத்தார். 'கொஞ்சம்... கொஞ்சம் அடி விட்டு வெட்டினா?' இது அண்ணாச்சிக்கு.

'விட்டு வெட்டலாம் சார். தாராளமா வெட்டலாம்' என்றார் அண்ணாச்சி குச்சியை எடுத்துவிட்டு. 'ஆனா அறுத்த மிச்சம் பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். புரட்டுறவன் விரல்ல தட்டும். இங்க என்னமோ இருந்துச்சேன்னு முந்நூறு பேரும் கேப்பான்.'

சார் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். 'உன் மார்க் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.'

'உங்களுக்குத்தான் ஞாபகம் ஜாஸ்தி சார்' என்றாள் மாரி.

அவர் படி இறங்கினார். ஒட்டு என்றும் சொல்லவில்லை, ஒட்டாதே என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். 'என்ன தாயி, மனுசன் பாட்டுக்குப் போறாரு. ஒட்டவா, வேண்டாமா?'

'வேண்டாம்னு சொல்லலையே அண்ணாச்சி.' அவள் சட்டியில் விரல் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. 'ஒட்டுங்க.'

அண்ணாச்சி பிரஷ்ஷை எடுத்தார். அறுபட்ட அந்த ஒற்றைப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார், நடுவில் இரண்டு இடத்தில் பொக்கை விழுந்திருந்தது. 'இதைக் கழிவுல போட்ருதேன்.'

'போடாதீங்க' என்றாள் மாரி வெடுக்கென்று. அதை அவர் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்தில் பென்சிலால் தன் பேரையும் வரிசை எண்ணையும் எழுதினாள். 'மார்க் போட ஆளுக்கு ஒரு காப்பி சார்ட்ட குடுக்கணும்லா. நான் இதைத்தான் குடுப்பேன். முதல் அட்டை இதுக்கு ஒட்டுங்க.'